தீப் பாதுகாப்புப் பொறியியலில் அடியெடுத்து வைக்கும் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்மையில் முதன்முறையாகத் தீப் பாதுகாப்புப் பொறியியலைப் படிக்கும் மாணவர்களின் செயல்திட்ட அறிக்கைகளைத் திருத்தியபோது, இத்துறைக்கு வந்த புதிதில் நான் செய்த அதே தவறுகள், ஏறக்குறைய அதே வரிசையில், மீண்டும் கண்ணில் பட்டன. அலகை மாற்றி எழுதுவது, தசமப் புள்ளியை இடம் மாற்றுவது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். ஒருமுறை சுட்டிக்காட்டினால் அவற்றை மாணவரே திருத்திக்கொள்வார். ஆண்டுதோறும் திரும்ப வருபவற்றையும், கட்டடம் எழும்பிய பிறகே வெளிப்படுபவற்றையும் மட்டும் எழுதுகிறேன்.

தீயின் அளவைக் கணினி சொல்லும் என்று நம்புதல்

வண்ணப் படங்களோடு புகைப் பரவலைக் காட்டும் மாணவரிடம், "இந்தத் தீ இவ்வளவு பெரிதாக வளரும் என்பது எங்கிருந்து வந்தது?" என்று கேட்டால், "மென்பொருள் கணக்கிட்டது, சார்" என்பார். இந்தப் பதில் இன்றும் எனக்கு எரிச்சலூட்டுகிறது. பெரும்பாலான வடிவமைப்புப் பணிகளில் மென்பொருள் தீயைக் கணக்கிடுவதில்லை. நாம் உள்ளிட்ட தீயிலிருந்து புகை எங்கே போகும், எவ்வளவு சூடாகும் என்பதையே கணக்கிடுகிறது. தீயின் வெப்ப வெளியீட்டு வீதத்தைத் தேர்ந்தெடுத்தவர் அந்த மாணவர்தான். தாம் தேர்ந்தெடுத்தோம் என்பதே அவருக்குத் தெரிவதில்லை.

இந்த வீதம் என்பது ஒரு நொடியில் தீ வெளியிடும் வெப்பத்தின் அளவு. இதை வெப்பநிலையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. மெழுகுவத்தியின் சுடரும் மிகவும் சூடானதுதான், ஆனால் அது வெளியிடுவது 100 வாட்டுக்கும் குறைவு. பாலியூரித்தேன் நுரை நிரப்பிய சோபா ஒன்று எரியும்போது 1 மெகாவாட்டைத் தாண்டிவிடும்.

தொடக்க வளர்ச்சியை நேரத்தின் வர்க்கத்தோடு பெருகுவதாகக் கொள்வது வழக்கம். வளர்ச்சி வேகத்தைப் பொறுத்துத் தீக்களை வகைப்படுத்தும் அட்டவணையில், 'மிதமான' தீ 300 நொடிகளில் எட்டும் 1,055 கிலோவாட்டை 'வேகமான' தீ 150 நொடிகளிலேயே எட்டிவிடும். எட்டும் நேரம் பாதியானது என்பதோடு இது முடிந்துவிடுவதில்லை. அதே 300-வது நொடியில் வேகமான தீ ஏறத்தாழ 4,220 கிலோவாட்டில், அதாவது நான்கு மடங்கில் நிற்கும். அந்த அட்டவணையில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு வரிகளில் ஒன்றைத் தவறாக எடுத்ததன் விலை அதுதான்.

அந்த விலையை நான் கொடுக்க வைத்திருக்கிறேன். என் தொடக்கப் பணிகளில் ஒன்று ஒரு பெரிய கூட்ட அரங்கின் புகை வெளியேற்ற அமைப்பு. வரைபடத்தில் அது திறந்த தரையாகவே இருந்ததால், நேரில் போய்ப் பார்க்காமல், பழைய அறிக்கை ஒன்றில் இருந்த மிதமான வளர்ச்சியை அப்படியே எடுத்து எழுதினேன். கணக்கீட்டில் ஒரு பிழையும் இல்லை. விசிறிகள் வந்திறங்கி, காற்றுக்குழாய்களும் கூரையடியில் தொங்கவிடப்பட்ட பிறகு, அறிக்கையைச் சரிபார்க்க வந்த மூத்த பொறியாளர் என்னை அங்கே அழைத்துச் சென்றார். மேடையின் பக்கவாட்டில் நாற்காலிகள் தோளுயரத்துக்கு அடுக்கப்பட்டிருந்தன. அவர் ஒன்றை எடுத்துத் திருப்பி, இருக்கைத் துணி கிழிந்திருந்த இடத்தில் கட்டைவிரலால் அழுத்தினார். மஞ்சள் நுரை உள்ளே அமுங்கி மெல்ல மேலெழுந்தது. "இதற்கு எந்த வளர்ச்சி போட்டிருக்கிறாய்?" என்று மட்டும் கேட்டார். தீ பெரிதாகும்போது புகையின் நிறை அதே விகிதத்தில் கூடுவதில்லை என்றாலும், புகை மேலும் சூடாகி விரிவடைவதால் விசிறி இழுக்க வேண்டிய கன அளவு வெகுவாகக் கூடிவிடுகிறது. தொங்கவிட்ட குழாய்களைக் கழற்றி, பெரிய குழாய்களையும் விசிறிகளையும் பொருத்த வேண்டியதாயிற்று. திறப்பு பல மாதங்கள் தள்ளிப்போனது. சரிபார்க்க ஒருவர் வராதிருந்தால் அந்த அரங்கு அப்படியே மக்களுக்குத் திறக்கப்பட்டிருக்கும் என்பதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

ஆகவே, தேர்ந்தெடுத்த ஒவ்வொரு வளர்ச்சி வீதத்துக்கும் அடியில் எந்தப் பொருள் எரிகிறது, எவ்வளவு உயரம் அடுக்கப்பட்டிருக்கிறது, எந்தச் சோதனைத் தரவு என்ற மூன்றையும் எழுதுங்கள். ஒரே ஒரு தீயோடு நிறுத்தாமல், அடுத்த வேகமான தீக்கும் கணக்கை ஓட்டிப் பார்த்து, வடிவமைப்பு எங்கே உடைகிறது என்பதையும் காட்டுங்கள்.

60 நிமிடச் சுவர் எந்தத் தீயையும் 60 நிமிடம் தாங்கும் என்று எண்ணுதல்

'60 நிமிடம்' என்பது உலையில் நடந்த சோதனையின் முடிவு. ஐஎஸ்ஓ 834 என்ற பன்னாட்டுத் தரநிலையின் வெப்பநிலை-நேர வளைகோட்டின்படி உலையின் வெப்பநிலை 60-வது நிமிடத்தில் 945 பாகை செல்சியசை எட்டும். உண்மையான அறையில் எரிபொருளும் காற்று வரும் திறப்புகளும் வேறாக இருப்பதால் நேரமும் வேறாகும். பிறகு குழாய்க்காகத் துளையிட்டு அடைக்காமல் விட்ட சுவருக்கு அந்த எண் பொருந்தவே பொருந்தாது.

தூரத்தை வேகத்தால் வகுத்து வெளியேறும் நேரம் என்று எழுதுதல்

நடந்து செல்லும் நேரம் ஒரு பகுதி மட்டுமே. தீ கண்டறியப்படும் நேரமும், எச்சரிக்கை மணி ஒலிக்கும் வரையிலான நேரமும், மணி கேட்ட பிறகு மக்கள் கிளம்பத் தயங்கும் நேரமும் அதோடு சேரும். பல கட்டடங்களில் இந்தத் தயக்கமே எல்லாவற்றிலும் பெரியது. ஒரு பயிற்சி ஒத்திகையில் நிறுத்து கடிகாரத்தோடு நின்றிருந்தேன். மணி ஒலித்த பின்னும் ஒருவர் தட்டச்சு செய்துகொண்டிருந்த வாக்கியத்தை முடித்தார், கோப்பைச் சேமித்தார், மின்னூட்டியின் கம்பியைச் சுருட்டினார், அதன் பிறகே எழுந்தார். 1973-இல் மேன் தீவின் சம்மர்லேண்ட் பொழுதுபோக்கு மையத்தில் தீப்பிடித்து 50 பேர் இறந்தபோது, பெற்றோர் பலர் வாசலை நோக்கிப் போகாமல் வேறு தளத்தில் இருந்த தம் பிள்ளைகளைத் தேடிப் போனார்கள். இதைப் பீதி என்று எழுதும் மாணவர்கள் உண்டு. அது பீதியன்று, எந்தப் பெற்றோரும் செய்வது, வடிவமைப்பாளர் முன்கூட்டியே எதிர்பார்த்திருக்க வேண்டியது.

வழிகளின் எண்ணிக்கையை மட்டும் கூட்டுவதும் போதாது. 2003-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் இருந்த ஸ்டேஷன் இரவு விடுதியில் சுவரில் ஒட்டிய பாலியூரித்தேன் நுரையில் வாணவேடிக்கைப் பொறி பட்டு 100 பேர் இறந்தனர். வேறு வாசல்கள் இருந்தும் பெரும்பாலோர் தாம் உள்ளே வந்த முன்வாசலுக்கே திரும்பினார்கள், அது அடைபட்டுவிட்டது. ஆகவே கூட்டத்தை எல்லா வாசல்களுக்கும் சமமாகப் பங்கிட்டுக் கணக்குப் போடாதீர்கள்.

தீத்தடுப்புக் கதவை அடியில் ஆப்பு செருகித் திறந்தே நிறுத்தி வைத்தல்

எக்காரணம் கொண்டும் கூடாது.

அனுமானங்களை அறிக்கைக்குள்ளேயே புதைத்துவிடுதல்

நுரை இருக்கைகள் இராது என்று நீங்கள் கருதியிருந்தால், அது கட்டடத்தை நடத்துபவருக்குத் தெரிய வேண்டும். அவர் உங்கள் பிற்சேர்க்கையின் 40-ஆம் பக்கத்தைப் படிக்கப்போவதில்லை. நான் தவறிழைத்த அந்த அரங்கில், நாற்காலிகளை எங்கே, எத்தனை உயரத்துக்கு அடுக்கலாம் என்பதைத் தரையில் கோடு போட்டும், சுவரில் ஒரு தகட்டில் எழுதியும் வைத்தோம். பராமரிப்பாளர் மாறும்போதெல்லாம் சாவிகளோடு சேர்த்து அந்த விதியின் படியையும் கையெழுத்து வாங்கிக்கொண்டே கொடுக்கிறார்கள்.