சோனி ஏ6700-ஆ, ஃபியூஜி எக்ஸ்-எஸ்20-ஆ: நெல்லைச் சீமைக்கு எது சரி?

இரண்டும் 2023-இல் வந்த கேமராக்கள். பேட்டரி, கார்டு சேர்த்து சோனி 493 கிராம், ஃபியூஜி 491. இரண்டிலும் 26 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி (நடுத்தர அளவு) சென்சார், ஒரே ஒரு கார்டு ஸ்லாட், மைக்குக்கும் ஹெட்ஃபோனுக்கும் தனித்தனி ஜாக். விவரப் பட்டியலை எத்தனை தடவை படித்தாலும் முடிவு வராது. கேமராவோடு எங்கே போய் நிற்கப்போகிறீர்கள் என்பதை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதலில் சாரல். ஆனி, ஆடியில் குற்றாலத்து ஐந்தருவிப் பக்கம் போனால் மழை பெய்யாமலே கேமரா நனையும். சோனி பாடியில் ஈரமும் தூசியும் எளிதில் புகாதபடி தடுப்பு உண்டு, ஃபியூஜியில் இல்லை. அதை நம்பி சோனியை வாங்குகிறவர்கள் சறுக்குவது லென்ஸில். பலரும் சேர்த்து வாங்கும் 18-135 லென்ஸுக்கு அந்தத் தடுப்பு கிடையாது. ஜூம் செய்யும்போது குழல் நீண்டு காற்றை உள்ளே இழுக்கும், ஈரமும் கூடவே போகும். 16-55 ஜி, 70-350 ஜி போன்றவற்றுக்குத் தடுப்பு இருக்கிறது. சிக்மா 18-50 எஃப்/2.8 இரண்டு கேமராவுக்கும் கிடைக்கும், 300 கிராமுக்குள்தான். ஆனால் அதில் கேமராவோடு பொருந்தும் மவுண்ட் பக்கம் மட்டுமே ரப்பர் வளையம். எதுவானாலும் அருவியின் கீழே பிடிக்கலாம் என்று அர்த்தமில்லை. சிறு துண்டு ஒன்று கையில் இருக்கட்டும். ஏசி அறையிலிருந்து வெளியே வந்ததும் பையைத் திறக்காமல் 20, 30 நிமிடம் விடுங்கள். உடனே திறந்தால் குளிர்ந்த கண்ணாடியில் நீர் பூக்கும். அது அடிக்கடி நடந்தால் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும்.

இட்டமொழி, திசையன்விளைப் பக்கத்துத் தேரி, அதாவது செம்மணல் மேடு, வேறு மாதிரி. ஆடிக் காற்றில் அந்தச் செம்மண் மாவாகப் பறக்கும். அங்கே லென்ஸ் கழற்றவே கூடாது. ஒரே ஜூமோடு போங்கள். சென்சாரில் தூசி விழுந்துவிட்டால் துணியால் தொடாதீர்கள், கோடு விழும். சென்சார் சுத்தம் செய்யும் மெனுவுக்குப் போய், கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து, ரப்பர் புளோவரால் ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். உவரிக் கடற்கரையிலிருந்து திரும்பிய அன்றே, நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் பாடியைத் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். உப்பை அப்படியே விட்டால் டயல் இறுகும்.

கூந்தன்குளத்தில் பறவை எடுப்பது முக்கிய ஆசை என்றால் யோசிக்கவே வேண்டாம், சோனிதான். பறக்கும் கூழைக்கடாவின் கண்ணைப் பிடித்தால் விடாமல் தொடரும். ஃபியூஜியிலும் பறவை கண்டறியும் வசதி இருக்கிறது. ஆனால் குறுக்கே ஒரு கிளை வந்தால் போகஸ் அதில் ஒட்டிக்கொள்வது அதிகம்.

கல்யாணம், கோயில் கொடை வீடியோவுக்கு வருவோம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு 25 ஃபிரேமில் எடுக்கும்போது ஷட்டர் வேகத்தை 1/50 நொடி வையுங்கள். 1/60 வைத்தால் டியூப் லைட் வெளிச்சம் அலையலையாகத் தெரியலாம். சோனியில் 25 தெரியாவிட்டால் மெனுவில் வீடியோ முறையை என்டிஎஸ்சி (NTSC) என்பதிலிருந்து பிஏஎல் (PAL) என்று மாற்ற வேண்டும். போட்டோவுக்கு மெக்கானிக்கல் ஷட்டர்தான். சத்தம் வரக்கூடாதென்று எலெக்ட்ரானிக் ஷட்டர் போட்டால் சீரியல் செட் வெளிச்சத்தில் படம் பட்டை பட்டையாக வரும்.

சித்திரை வெயிலில் நொடிக்கு 60 ஃபிரேம் 4கே வீடியோ நீளமாக ஓடினால் இரண்டுமே சூடேறி நின்றுபோகலாம். சூட்டில் தானாக அணையும் அளவை மெனுவில் ‘ஹை’ ஆக்குங்கள், ஸ்கிரீனை பாடியிலிருந்து விலக்கித் திருப்புங்கள். ஃபியூஜியின் முதுகில் மாட்டத் தனி விசிறி கிடைக்கும். நீளமான வீடியோவே பிழைப்பு என்றால் அது பெரிய உதவி.

ஒரே கார்டு என்பதுதான் இரண்டிலும் பெரிய குறை. முகூர்த்தம் திரும்ப நடக்காது. இதில் ஒன்றை மட்டும் நம்பித் தனியாளாகக் கல்யாண வேலை ஒத்துக்கொள்ளாதீர்கள், இரண்டாவது கேமராவாக வையுங்கள். 256 ஜிபி ஒன்றுக்குப் பதில் 64 ஜிபி வி60 (வேகமாகப் பதியும் வகை) கார்டு நான்கு வாங்குங்கள். 100 எம்பிபிஎஸ் வீடியோ மணிக்கு 45 ஜிபி தின்னும். தாலி கட்டியதும் கார்டை மாற்றி, பந்திக்குப் போகுமுன் லேப்டாப்பில் ஏற்றிவிடுங்கள்.

ஃபியூஜியின் பலம் நிறம். படத்தைத் திருத்த நேரமில்லாமல் அன்றைக்கே வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்களுக்கு அதுவே போதும். அதன் நிற அமைப்புகளில் நம் முகங்களுக்கு புரோ நெகட்டிவ் ஸ்டாண்டர்ட் இதமாக இருக்கும். நிறத்தைத் தூக்கிக் காட்டும் வெல்வியாவைத் தேரியில் போடாதீர்கள், சிவப்பு வழிந்து மண்ணின் வரி தெரியாது. உச்சி வெயிலில் வெள்ளை வேட்டி வெளுத்துப்போனால், வெளிச்சப் பகுதியின் விவரத்தைக் காக்கும் டிஆர்200 அமைப்பை வையுங்கள். அதற்கு ஐஎஸ்ஓ 320-க்குக் குறையக் கூடாது. பாடியிலேயே சின்ன ஃபிளாஷும், போகஸ் புள்ளியை நகர்த்த ஜாய்ஸ்டிக்கும் உண்டு. சோனியில் இரண்டும் இல்லை. பேட்டரியும் சோனியைவிட அதிகப் படம் தாங்கும்.

கடைக்குப் போகும்போது உங்கள் கார்டைக் கொண்டுபோங்கள். கூட வந்தவரை வாசல் வெளிச்சத்துக்கு முதுகு காட்டி உங்களை நோக்கி நடக்கவிட்டு, இரண்டிலும் இருபது படம் தொடர்ச்சியாக எடுங்கள். வீட்டுக்கு வந்து கண் எத்தனை படத்தில் கூர்மையாக இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். வாங்கும் அன்று, பில்லில் இருக்கும் சீரியல் எண்ணும் பாடியில் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.