சிறையில் இருப்பவருக்குப் பணம் அனுப்ப

ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடத்தில் என் ஜெராக்ஸ் கடைக்கு மணியார்டர் பாரத்தோடு வருகிறவர்களிடம் முதலில் ஒன்று கேட்பேன்: ஆள் எந்த ஜெயிலில் இருக்கிறார்? ராமநாதபுரமா, மதுரையா, கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணமா? அது தெரியாமல் பாரத்தில் ஒரு எழுத்துகூட எழுத முடியாது.

நம் பக்கத்துச் சிறை என்றால் வேலை எளிது. தடை செய்யப்பட்ட கடல் அட்டையைப் பிடித்த கேஸோ அடிதடி கேஸோ, ரிமாண்ட் ஆனவரை முதலில் ராமநாதபுரத்தில் வைத்துவிட்டு அப்புறம் மதுரை மத்திய சிறைக்கு மாற்றுவதும் உண்டு. இடம் மாறினால் கைதி எண்ணும் மாறும். ஆகவே பணம் கட்டும் முன் வக்கீலிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். மனு போட்டுப் பார்க்கப் போனவர் யாராவது இருந்தால் அவரிடமும் கேட்கலாம்.

தபால் ஆபீஸ் பாரத்தில் பெறுநர் இடத்தில் கைதியின் பெயர், தகப்பனார் பெயர், கைதி எண், பிறகு 'மேற்பார்வை: சிறைக் கண்காணிப்பாளர்' என்று எழுதி, சிறையின் பெயர், ஊர், பின்கோடு. பெயரை ரிமாண்ட் ஆர்டரில் இருப்பது போலவே எழுத வேண்டும். எங்கள் ஊரில் இது பெரிய தலைவலி. வீட்டில் ஒரு பெயர், ஞானஸ்நானப் பெயர் ஒன்று, ஆதாரில் இன்னொன்று. ஒரே சிறையில் நான்கு அந்தோணி இருந்தால் தகப்பனார் பெயரும் எண்ணும்தான் ஆளைக் காட்டும்.

கமிஷன் 20 ரூபாய்க்கு 1 ரூபாய். 1,000 அனுப்பினால் 50 போய்விடும். பஸ் ஏறி மதுரைக்குப் போய்வரும் செலவையும் ஒரு நாள் கூலியையும் பார்த்தால் அது பெரிதில்லை. ஆளைப் பார்க்கவே போகிறீர்கள் என்றால் அங்கேயே கட்ட முடியுமா என்று கேட்டுக் கட்டிவிடுங்கள். ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். அதில் உள்ள எண்ணை இந்தியா போஸ்ட் இணையதளத்தில் போட்டால் பணம் எங்கே நிற்கிறது என்று தெரியும். ஆள் ஜாமீனில் வந்துவிட்டாலோ வேறு சிறைக்குப் போய்விட்டாலோ மணியார்டர் உங்கள் முகவரிக்கே திரும்பும். அதனால் அனுப்புநர் முகவரியையும் ஒழுங்காக எழுதுங்கள்.

பணம் அவர் கையில் கிடைக்காது. சிறையில் அவர் பெயரில் வரவு வைப்பார்கள். சோப்பு, பிஸ்கட் என்று கேன்டீனில் வாங்குவதை அதில் கழிப்பார்கள். ஒரேயடியாகப் பெரிய தொகை அனுப்புவதைவிட மாதாமாதம் கொஞ்சம் அனுப்புவதே நல்லது என்பது என் எண்ணம். ஜெயிலிலிருந்து பேசுகிறேன், உன் வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லை, ஜிபே பண்ணு என்று போன் வந்தால் வைத்துவிட்டு வக்கீலைக் கூப்பிடுங்கள்.

யாழ்ப்பாணம் என்றால் கதையே வேறு. எல்லை தாண்டி மீன் பிடித்ததாக இலங்கை கடற்படை பிடித்துப்போய், ஊர்காவற்றுறை கோர்ட்டோ மன்னார் கோர்ட்டோ ரிமாண்ட் செய்த ஆளுக்கு இங்கிருந்து மணியார்டர் போட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. வளைகுடாவிலிருந்து மகன் அனுப்பும் பணத்தை எடுக்கிற வெஸ்டர்ன் யூனியன் கவுண்டரிலும் நடக்காது. ரிசர்வ் வங்கி விதிப்படி அந்த முறையில் பணம் நம் நாட்டுக்குள் வரலாம், வெளியே போகாது. யுபிஐ அங்கேயும் வந்துவிட்டதே என்று இளவட்டங்கள் கேட்கிறார்கள். 2024 பிப்ரவரியில் வந்தது உண்மைதான். ஆனால் அது நம் ஆள் அங்கே போய்க் கடையில் ஸ்கேன் செய்து கொடுப்பதற்கு, ஜெயிலுக்கு அனுப்புவதற்கு இல்லை.

அங்கே கைச்செலவுக்கு அனுப்புவதைப் பற்றி முதலில் கவலைப்பட வேண்டாம். யாழ்ப்பாணத்தில் உள்ள இந்தியத் துணைத் தூதரக அதிகாரிகள் சிறைக்குப் போய்ப் பார்த்து, மாற்று உடுப்பு, சோப்பு போன்றவை கொடுக்கிறார்கள். அவர்கள் கையில் சரியான பெயர்ப் பட்டியல் இருக்க வேண்டும். படகு நம்பர், கடலுக்குப் போக மீன்துறை கொடுத்த டோக்கன் விவரம், ஆள்களின் பெயர் எல்லாவற்றையும் அன்றைக்கே ராமேஸ்வரம் மீன்துறை ஆபீஸில் கொடுத்துவிடுங்கள். தினம் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் மருந்துச் சீட்டின் காப்பியையும் சேர்த்துக் கொடுங்கள். பணத்தைவிட அந்தச் சீட்டுதான் அவசரம்.

பணம் தேவைப்படுவது அபராதத்துக்கு. 2018-ல் அங்கே சட்டத்தைத் திருத்தி அபராதத்தைக் கடுமையாக ஏற்றிவிட்டார்கள். கட்டாவிட்டால் கூடுதலாகச் சில மாதம் உள்ளே இருக்க வேண்டும். படகு ஓட்டின டிரைவருக்கும் இரண்டாம் முறை மாட்டினவருக்கும் பாடு அதிகம். தொகையைக் கேட்டதும் "எந்த ஊர் ரூபாய்?" என்று கேளுங்கள். நம் ஒரு ரூபாய்க்கு அவர்கள் ரூபாய் மூன்றுக்கு மேல். 50,000 என்று அங்கே சொன்னதை இங்கே 50,000 என்று வசூலித்த புண்ணியவான்களும் உண்டு. கோர்ட் உத்தரவின் படத்தை வாட்ஸ்அப்பில் வாங்கிப் பார்த்த பிறகு காசு எடுங்கள்.

அனுப்ப நேர்வழி வங்கிதான். அங்குள்ள வக்கீலின் வங்கிக் கணக்கு எண், அந்த வங்கியை அடையாளம் காட்டும் ஸ்விஃப்ட் கோடு, உங்கள் பக்கம் பான் கார்டு, வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வங்கியில் நிரப்பும் ஏ2 படிவம் வேண்டும். எல்லாக் கிளையிலும் இது நடக்காது. பெரிய கிளைக்குப் போகச் சொல்வார்கள். பெண்கள் பலருக்குப் பான் கார்டு இல்லை. அப்படியானால் படகு முதலாளியை அனுப்பச் சொல்லுங்கள், அவர் ஆளுக்கு அவர்தானே பொறுப்பு! உண்டியலில், அதாவது வங்கி வழியில்லாமல் ஏஜென்ட் கையில் கொடுத்து, போட்டால் அரை நாளில் போய்விடும் என்பார்கள். அது சட்டப்படி குற்றம். பணம் போய்ச் சேராவிட்டால் எந்த போலீஸிலும் போய்க் கேட்க முடியாது.

இன்னொன்று, வீட்டுக்கு வரவேண்டிய பணம். இலங்கைச் சிறையில் இருக்கும் மீனவர் குடும்பத்துக்குத் தமிழக அரசு நாள் கணக்கில் உதவித்தொகை தருகிறது. பெயர்ப் பட்டியல் கொடுக்கப் போகும்போதே அதைப் பற்றியும் கேட்டுவிடுங்கள். ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக் முதல் பக்கம் எல்லாவற்றிலும் இரண்டு காப்பி கையில் இருக்கட்டும். காப்பியை என் கடையில்தான் எடுக்க வேண்டும் என்றில்லை.