பனிமூட்ட போட்டோவை எடிட் பண்றேன்னு பனியவே காலி பண்ணிடாதீங்க

மார்கழி மாசம் காலையில ஆறரை மணிக்கு தஞ்சாவூர் பக்கம் ஒரு வரப்புல நின்னு எடுத்த போட்டோ. நேர்ல பாத்தப்போ மெய் மறந்து நின்னோம், வீட்டுக்கு வந்து ஓப்பன் பண்ணா லென்ஸ்ல யாரோ மோர் ஊத்துன மாதிரி வெளுத்துப்போய் கிடக்கு. உடனே கை மூட்டத்தை குறைக்கிற டீஹேஸ் ஸ்லைடருக்குத்தான் போகும். 2015ல லைட்ரூம்ங்கிற எடிட்டிங் சாஃப்ட்வேர்ல அந்த ஸ்லைடர் வந்தப்போ நானும் கண்ட போட்டோவுக்கெல்லாம் 60, 70ன்னு ஏத்தி விட்டவன்தான். ஒரு தடவை ஊர்ல மாமாகிட்ட அவரோட வயல் போட்டோவையே காட்டுனேன், ரெண்டு நிமிஷம் உத்துப் பாத்துட்டு "ஏன் மாப்ள, மழை இறங்கப் போற மாதிரில்ல இருக்கு, இது எந்த ஊரு?"ன்னு கேட்டாரு. அவரு தெனமும் போற வயல் அது!

அப்புறம்தான் உறைச்சுது. அந்த போட்டோவுல பக்கத்துல இருக்கிற பனைமரம் கருப்பா, அதுக்கு அடுத்தது சாம்பலா, கடைசில இருக்கிற தென்னந்தோப்பு இருக்கா இல்லையான்னே தெரியாம கரையுதுல்ல, அந்த தூரத்தை நமக்கு காட்டுறதே பனிதான். அதை மொத்தமா உருவிட்டா எல்லா மரமும் ஒரே அட்டையில ஒட்டுன மாதிரி ஆயிடும். அதனால பனியை எடுக்கிறது நம்ம வேலை இல்ல, முன்னாடி இருக்கிறதை கொஞ்சம் தெளிவாக்கிட்டு பின்னாடி இருக்கிறதை அதுபாட்டுக்கு விடணும், அவ்ளோதான்.

மொதல்ல உங்க போட்டோவுல இருக்கிறது என்ன மூட்டம்னு பாருங்க, ஏன்னா எல்லாத்துக்கும் ஒரே வைத்தியம் கிடையாது. காலைப்பனின்றது தண்ணித்துளி, ஒரு மில்லிமீட்டரை நூறா பிரிச்சா ஒரு பங்கு, சுமாரா அந்த சைஸ். அது எல்லா கலரையும் ஒரே மாதிரி சிதறடிக்கும், அதான் வெள்ளையா தெரியுது. தூரத்து மலை நீலமா தெரியுறது வேற கதை, அது காத்தோட மூலக்கூறு பண்ற வேலை, ஊதா பக்கத்து வெளிச்சத்தை சிவப்பை விட ஒன்பது மடங்கு அதிகமா சிதறடிக்கும். ஆடி மாசம் தென்காசி பக்கம் சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்தி தோட்டத்துல நின்னு மேற்க பாத்தீங்கன்னா அந்த நீலம் நல்லா தெரியும், மஞ்சளுக்கு பின்னாடி அது எவ்ளோ அழகு, அதைப் போயி கிளியர் பண்றேன்னு சில பேரு மலையை கரும்பச்சை ஆக்கி வச்சிருப்பாங்க. மூணாவது பங்குனி சித்திரை மத்தியான புழுதி. அதுல மஞ்சளடிச்ச ஒரு அழுக்குத்தனம் இருக்கும், உண்மையைச் சொன்னா அந்த மாதிரி போட்டோவுக்கு கலர்ல பெருசா ஒண்ணும் பண்ண முடியாது, பிளாக் அண்ட் வைட்டுக்கு போயிடுங்க. அங்க ஒரு வசதி இருக்கு, கலர் மிக்ஸ்ல நீலத்தை கீழ இறக்குனா நீல வானமும் நீலமா தெரியுற தூரத்து மலையும் கொஞ்சம் இருட்டாகி பிரிஞ்சு வரும், ஏத்துனா இன்னும் வெளுத்துப் போகும்.

எடுக்கும்போதே ரா ஃபைல்ல, அதாவது சென்சார் பதிஞ்சதை அப்படியே வச்சிருக்கிற ஃபைல்ல எடுத்துடுங்க. இது சும்மா பந்தாவுக்கு சொல்றது இல்ல. பனி போட்டோவோட ஹிஸ்டோகிராமை, அதாவது இடது பக்கம் இருட்டு, வலது பக்கம் வெளிச்சம் எவ்ளோ இருக்குன்னு காட்டுற வரைபடத்தை பாருங்க, நடுவுல ஒரு சின்ன மேடு மட்டும் இருக்கும், ரெண்டு பக்கமும் காலி. எடிட்டிங்ல நாம அந்த மேட்டைத்தான் இழுத்து அகலமாக்குறோம். ஜேபெக்ல ஒரு கலருக்கு 256 படிதான், அதுலயும் அந்த மேட்டுக்குள்ள கொஞ்சம்தான் மாட்டியிருக்கும், இழுத்தா வானத்துல பட்டை பட்டையா கோடு விழும். 14 பிட் ராவுல 16,384 படி இருக்கு, இழுத்தாலும் தாங்கும்.

இப்போ எடிட்டிங். படத்தோட கலர் மஞ்சள் பக்கமா நீலம் பக்கமான்னு முடிவு பண்ற வைட் பேலன்ஸை ஆட்டோவுல விடாதீங்க, காலை வெளிச்சத்துல இருக்கிற அந்த லேசான மஞ்சளை சாஃப்ட்வேர் தப்புன்னு நினைச்சு துடைச்சு விட்டுடும். டேலைட்ல வச்சு அங்கருந்து கொஞ்சம் கொஞ்சமா நகத்துங்க. அடுத்தது டோன் கர்வ், இருட்டையும் வெளிச்சத்தையும் தனித்தனியா ஏத்தி இறக்குற கோடு, என்னோட பாதி வேலை இங்கயே முடிஞ்சிடும். கீழ் பக்கம் கால்வாசில ஒரு புள்ளி வச்சு லேசா இறக்குங்க, மேல் பக்கத்தை கிட்டத்தட்ட தொடாதீங்க. பிளாக்ஸ் ஸ்லைடரை இறக்கும்போது நான் ஒரு கணக்கு வச்சிருக்கேன், படத்துல நமக்கு ரொம்ப பக்கத்துல இருக்கிற ஒரு பொருள், ஒரு பனைமரத்து அடி, வரப்போர நிழல், இந்த மாதிரி ஒண்ணு மட்டும் முழு கருப்பை தொடலாம். அதுக்கு பின்னாடி இருக்கிற எதுவும் தொடக்கூடாது. பக்கத்துல அப்படி ஒண்ணுமே இல்லாம வெறும் பனி மட்டும் இருக்கிற படம்னா கருப்பே வேணாம், ஹிஸ்டோகிராம்ல இடது பக்கம் காலியா கிடந்தா கிடக்கட்டும், அதை நிரப்பியே ஆகணும்னு எந்த சட்டமும் இல்ல.

டீஹேஸை தொடவே கூடாதுன்னு நான் சொல்லல, முழு படத்துக்கும் போடாதீங்கன்னுதான் சொல்றேன். எடிட்டை படத்துல ஒரு பகுதிக்கு மட்டும் போட உதவுற லீனியர் கிரேடியன்ட் மாஸ்க் ஒண்ணை கீழருந்து இழுங்க, முன்னாடி இருக்கிற நாத்து, தண்ணி, வரப்பு இது மட்டும் உள்ள வர்ற மாதிரி, அதுக்குள்ள டீஹேஸ் 10, இல்லன்னா 15, கூடவே கொஞ்சம் டெக்ஸ்சர். முன்னாடி தெளிவானதும் பின்னாடி பனி தன்னால அழகாயிடும், நம்பிக்கை இல்லன்னா மாஸ்க்கை ஆன் பண்ணி ஆஃப் பண்ணி பாருங்க. இதுல இன்னொரு வேடிக்கை, மேல் பாதிக்கு டீஹேஸை மைனஸ்ல 5 வரைக்கும் இறக்குனா சில படத்துக்கு இன்னும் ஆழம் கெடைக்கும். விளிம்புகளை எடுப்பா காட்டுற கிளாரிட்டியை மட்டும் மலை விளிம்பு பக்கம் கொண்டு போகாதீங்க, மலைக்கும் வானத்துக்கும் நடுவுல வெள்ளையா ஒரு கோடு வந்து உக்காந்துக்கும், அது வந்துட்டா எடிட் பண்ணதுன்னு சின்னப் பிள்ளை கூட சொல்லிடும்.

டீஹேஸ் ஏன் சொதப்புதுன்னு தெரிஞ்சா எங்க ஜாக்கிரதையா இருக்கணும்னும் தெரியும். 2009ல கைமிங் ஹேன்னு ஒரு ஆராய்ச்சியாளரும் அவர் கூட ரெண்டு பேரும் ஒரு முறை சொன்னாங்க, தெளிவான வெளிப்புற போட்டோவுல எந்த சின்ன கட்டத்தை எடுத்தாலும் அதுக்குள்ள சிவப்பு, பச்சை, நீலம் மூணுல ஏதாவது ஒண்ணு கிட்டத்தட்ட இருட்டா இருக்கும், மூட்டம் இருந்தா அந்த இருட்டு வெளுத்துடும், எவ்ளோ வெளுத்திருக்கோ அவ்ளோ மூட்டம்னு கணக்கு. டார்க்டேபிள்ங்கிற இலவச எடிட்டிங் சாஃப்ட்வேர்ல இருக்கிற ஹேஸ் ரிமூவல் இந்த வழியிலதான் போகுது. இதுல சிக்கல் என்னன்னா இயற்கையிலயே வெள்ளையா இருக்கிற பொருளையும் அது மூட்டம்னு நினைச்சுக்கும். வயல்ல நிக்கிற கொக்கு, வேட்டி கட்டி வர்ற பெரியவர், சுண்ணாம்பு அடிச்ச கோயில் சுவர் எல்லாம் அழுக்கு சாம்பல் ஆயிடும். அதனால முதல்ல கொக்கை பாருங்க, கொக்கு வெள்ளையா இருந்தா நீங்க இன்னும் எல்லைக்குள்ள இருக்கீங்க.

கலர் பத்தி ஒண்ணு. கான்ட்ராஸ்ட் ஏறுனாலே சாச்சுரேஷன், அதாவது கலரோட அடர்த்தி தன்னால ஏறும், அதனால கடைசில சாச்சுரேஷனை ஏத்துறதுக்கு பதிலா மைனஸ் 5, மைனஸ் 10ன்னு இறக்க வேண்டியதா இருக்கும். முக்கியமா நாத்தோட பச்சை. பனியில நனைஞ்ச நாத்து வெளிர் பச்சை, கிளிப்பச்சை கிடையாது. இதோட சென்சார்ல இருக்கிற தூசியும் டீஹேஸ் போட்டதும் வானத்துல கரும்புள்ளியா முழிச்சுப் பாக்கும், அதை எல்லாத்துக்கும் முன்னாடியே ஸ்பாட் ஹீலிங்ல அழிச்சிடுங்க.

போன்ல எடிட் பண்றவங்களுக்கு ஸ்னாப்சீட் ஆப் போதும். அதுல இருக்கிற எச்டிஆர் ஸ்கேப்பை தொடாதீங்க, அது பனிக்கு எமன். கர்வ்ஸ்ல லேசா இறக்கிட்டு, செலக்டிவ்ல முன்னாடி இருக்கிற ஒரு பொருள் மேல புள்ளி வச்சு கான்ட்ராஸ்டும் ஸ்ட்ரக்சரும் 15 கிட்ட ஏத்துனா மாஸ்க் போட்ட மாதிரியே வேலை ஆயிடும்.

எல்லாம் முடிச்சதும் உடனே போஸ்ட் பண்ணாம ஸ்க்ரீன் பிரைட்னஸை பாதியா குறைச்சு, படத்தை கட்டைவிரல் அளவுக்கு சின்னதாக்கி பாருங்க. அந்த சைஸ்லயும் தூரத்து மலை, முன்னாடி இருக்கிற மரத்தை விட வெளிர்ப்பா தெரியணும், ரெண்டும் ஒரே இருட்டா இருந்தா டீஹேஸை பாதியா குறைச்சுட்டு திரும்ப பாருங்க. நான் அடுத்த நாள் காலையிலயும் ஒரு தடவை பாப்பேன், ராத்திரி 20ன்னு வச்சது காலையில பெரும்பாலும் 12க்கு வந்துடும்.