படகு மீட்டர்களைச் சரிபார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை, கூட்டப்புளி என நம் கரை நெடுகிலும் கச்சான் காற்று வீசும் மாதங்களில் உப்புத் தூவானம் படகின் டேஷ்போர்டுக்குப் பின்னாலும் புகுந்துவிடுகிறது. ஆகவே மீட்டரின் முள் நின்றுபோனால், முதலில் ஐயப்பட வேண்டியது மீட்டரை அல்ல. அதற்குப் போகும் வயரையும், பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் எர்த்தையும்தான். எதையும் அளந்து பார்க்காமல் புது மீட்டர் வாங்கி மாட்டுவது பெரும்பாலும் வீண்செலவு. எல்லா முள்களும் ஒரே நேரத்தில் விழுந்திருந்தால் அத்தனை மீட்டரும் ஒன்றாகக் கெட்டிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஃபியூஸையும் பொது எர்த் வயரையும் பாருங்கள்.

எர்த் வயர் ஒரு மீட்டரிலிருந்து அடுத்ததற்குத் தொடராக இழுக்கப்பட்டிருப்பதால், நடுவில் ஒரு முனையில் பச்சைக் களிம்பு ஏறினாலும் அதற்கு அப்பால் உள்ளவை தாறுமாறாகக் காட்டும். இங்கே பலர் செய்யும் தவறு, வயரைக் கழற்றி மல்டிமீட்டரில் ஓம் (மின்தடை) பார்த்து, சுழியம் வந்ததும் நல்ல வயர் என்று முடிவுகட்டுவது. அரித்துப்போன வயரில் ஒரே ஓர் இழை மிஞ்சியிருந்தாலும் சுழியத்தை ஒட்டித்தான் காட்டும். மின்னோட்டம் கூடும்போதுதான் அதன் பலவீனம் தெரியும். சாவியைத் திருப்பி வைத்து, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மற்றதை மீட்டரின் எர்த் திருகிலும் வைத்து வோல்ட் பாருங்கள். 0.2 வோல்ட்டைத் தாண்டினால் குறை எர்த்தில்தான். பழுதான வயரை மாற்றும்போது வெள்ளீயம் பூசிய செம்பு வயரையே போடுங்கள். வீட்டு வயர் இந்த உப்புக்காற்றில் நெடுநாள் தாங்காது.

எர்த் சரியாக இருந்தால் அடுத்து, தொட்டியின் அளவை உணர்ந்து மீட்டருக்குச் சொல்லும் சென்சார். டீசல் மீட்டரின் பின்னே 'எஸ்' என்று குறித்த திருகிலிருந்து வயரைக் கழற்றி, அந்தத் திருகை ஒரு கணம் எர்த்தோடு இணைத்தால், அமெரிக்க முறை மீட்டரில் முள் நிறைவுக்கு ஏறும். ஐரோப்பிய முறையில் காலிக்கு இறங்கும். முள் அசைந்தால் மீட்டர் நல்லது, குறை வயரிலோ சென்சாரிலோ இருக்கிறது. 'எஸ்' திருகில் தவறியும் 12 வோல்ட்டைக் கொடுக்காதீர்கள். அமெரிக்கச் சென்சார் காலியில் 240 ஓம், நிறைவில் 33 ஓம். ஐரோப்பியச் சென்சார் காலியில் 10, நிறைவில் 180. இரண்டையும் கலந்து மாட்டினால், தொட்டி வற்ற வற்ற முள் ஏறும். கரையிலிருந்து வெகுதூரம் போகிறவர்களுக்கு இதைவிட ஆபத்தான பிழை இல்லை. பெட்ரோல் தொட்டியாக இருந்தால் இந்தச் சோதனையைத் தொட்டியருகே செய்யவே கூடாது. வயரைத் தொட்டு எடுக்கையில் எழும் சிறு பொறி அங்கு தேங்கிய ஆவியைப் பற்றவைக்கப் போதும். டேஷ்போர்டு அருகிலும் ஆவி போகக் காற்றோட்டம் விட்ட பிறகே தொடங்குங்கள்.

ஒற்றை வயர் கொண்ட வெப்பச் சென்சார் தன் மரை வழியாகத்தான் எர்த் பெறுகிறது. நீர் கசியக் கூடாதென்று மரையில் டெஃப்லான் டேப்பைத் தடிப்பாகச் சுற்றினால் அந்த இணைப்பு கெட்டு, கொதிக்கும் எஞ்சினும் குளிர்ந்ததாகத் தெரியும்.

ஆயில் பிரஷர் முள் ஓட்டத்தில் விழுந்தால், மீட்டர்தான் பொய் சொல்கிறது என்று தொடர்ந்து ஓட்டக் கூடாது. எஞ்சினை நிறுத்தி ஆயில் அளவைப் பாருங்கள். அளவு சரியாக இருந்தாலும், சென்சாரைக் கழற்றி அதே துளையில் மின்சாரம் தேவைப்படாத பிரஷர் மீட்டரை மாட்டி அழுத்தத்தை உறுதிசெய்யும்வரை சென்சார் மேல் பழிபோட வேண்டாம்.

எஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டும் ஆர்.பி.எம். மீட்டர் தாவினால், சாவியை அணைத்துவிட்டு, அதன் பின்னே எஞ்சினுக்கு ஏற்ற எண்ணில் வைக்கும் தேர்வுத் திருகை இருபுறமும் சில முறை சுழற்றி, பழைய எண்ணிலேயே நிறுத்துங்கள். உள்ளே படிந்த களிம்பு அகன்று பல வேளைகளில் முள் நிலைபெறும். டீசல் எஞ்சினில் அந்த மீட்டர், பேட்டரிக்கு மின்னேற்றும் ஆல்டர்னேட்டரிலிருந்து துடிப்பைப் பெறுவதாயின், பெல்ட் தளர்ந்திருந்தாலும் குறைவாகக் காட்டும்.