போர்ச் சட்டம் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

உலகத்தில் எங்காவது ஒரு மருத்துவமனை மீது குண்டு விழுந்தால் போதும், போர்க்குற்றம், இனப்படுகொலை, மனிதக் கேடயம், ஜெனீவா ஒப்பந்தம் எல்லாம் ஒரு மணி நேரத்துக்குள் நம் கைப்பேசிக்கு வந்து சேர்ந்துவிடும். கோபத்தில் வருகிற சொற்கள்தான், புரிகிறது. ஆனால் இவை ஒவ்வொன்றுக்கும் சட்டத்தில் தனித்தனியாக ஒரு சோதனை இருக்கிறது. பொருந்தாத சொல்லைப் பிடித்துக்கொண்டு நின்றால், எதிர்த்தரப்பு அந்தச் சொல்லை மட்டும் உடைத்துக் காட்டிவிட்டு, நடந்த அநியாயத்தைத் தொடாமலே நழுவிவிடும். நம்மவர்கள் அதிகம் சறுக்குகிற இடங்களை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

"அவர்கள்தானே முதலில் ஆரம்பித்தார்கள்?"

போர் தொடுக்கலாமா என்பது ஒரு கேள்வி. அதற்குப் பதில் ஐ.நா. சாசனத்தில் இருக்கிறது: பிற நாட்டின் மீது படைபலத்தைப் பயன்படுத்தக் கூடாது, தற்காப்பு என்றால் 51ஆம் பிரிவு இடம் தருகிறது. சண்டை தொடங்கிய பிறகு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது முற்றிலும் வேறு கேள்வி. சர்வதேச மனிதாபிமானச் சட்டம், அதாவது போர்ச் சட்டம், இந்த இரண்டாவது கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும். யார் பக்கம் நியாயம் என்று அது கேட்பதே இல்லை. சொந்த மண்ணைக் காக்கப் போராடுகிறவரும் சரணடைந்தவரைச் சுட்டால் குற்றவாளிதான். ஆக்கிரமிக்க வந்த படையின் சிப்பாய் காயம்பட்டுக் கிடந்தால் அவருக்கும் சிகிச்சை தர வேண்டும். "அவன் மீறினான், அதனால் நானும் மீறினேன்" என்கிற வாதமும் செல்லாது. பொதுமக்களையும் கைதிகளையும் பழிவாங்கத் தொடுவதற்குத் தடை இருக்கிறது.

இதை ஈரமில்லாத சட்டம், அநியாயக்காரனையும் பாதிக்கப்பட்டவனையும் ஒரே தட்டில் வைக்கிறது என்று சிலர் சலித்துக்கொள்வார்கள். ஆனால் தன் பக்கம்தான் நியாயம் என்று நம்பாத படை எது? நியாயத்தைப் பொறுத்துச் சட்டம் மாறும் என்றால் அதைக் கடைப்பிடிக்க ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள்.

"போரே அறிவிக்கவில்லையே!"

அறிவிப்பு தேவையில்லை. 1949 ஆகஸ்ட் 12 அன்று கையெழுத்தான நான்கு ஜெனீவா ஒப்பந்தங்களுக்கும் பொதுவான 2ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. இரு நாடுகளின் படைகள் மோதிக்கொண்டால் அந்த நிமிடமே சட்டம் பொருந்தும். 2019 பிப்ரவரி 27 அன்று இந்திய விமானப்படையின் விங் கமாண்டர் அபிநந்தன் வர்தமான் பாகிஸ்தான் கட்டுப்பாட்டில் உள்ள பகுதியில் பிடிபட்டபோது இந்தியாவும் போர் அறிவிக்கவில்லை, பாகிஸ்தானும் அறிவிக்கவில்லை. ஆனாலும் போர்க்கைதிகளுக்கான மூன்றாம் ஜெனீவா ஒப்பந்தம் அவருக்குப் பொருந்தியது. கண்ணைக் கட்டி, முகத்தில் ரத்தம் வழிய அவரைக் காட்டிய காணொளி நினைவிருக்கும். போர்க்கைதியைப் பொதுமக்களின் வேடிக்கைப் பொருளாக்கக் கூடாது என்று அந்த ஒப்பந்தத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது. அந்தக் காணொளியைக் கோபத்தோடு பகிர்ந்த நாமும் அதே வேடிக்கையில் சேர்ந்துகொண்டோம் என்பது வேறு கதை. பிறகு வந்த தேநீர்க் காணொளியில் சில கேள்விகளுக்கு அவர் அதைச் சொல்லக் கூடாது என்று மறுப்பார். அது வெறும் வீரம் மட்டுமில்லை, 17ஆம் பிரிவு: பெயர், பதவி, பிறந்த தேதி, படை எண் தவிர வேறெதையும் கைதி சொல்ல வேண்டியதில்லை.

இத்தனை நாளுக்குள் விடுவித்தாக வேண்டும் என்று நாள் கணக்கு சொல்வோர் உண்டு. அப்படி ஒரு கெடு ஒப்பந்தத்தில் இல்லை. தீவிரச் சண்டை ஓய்ந்ததும் தாமதமின்றி விடுவிக்க வேண்டும் என்பதுதான் 118ஆம் பிரிவு.

உள்நாட்டுச் சண்டை என்றால் கதை மாறும். அங்கே போர்க்கைதி என்கிற தகுதியே கிடையாது. பிடிபட்ட போராளியை அரசு தன் சொந்தச் சட்டத்தின்படி விசாரித்துத் தண்டிக்கலாம். ஆனால் கொலை, சித்திரவதை, பணயம் பிடித்தல், முறையான விசாரணை இல்லாமல் தண்டனை ஆகியவற்றைப் பொதுவான 3ஆம் பிரிவு இரு தரப்புக்கும் தடை செய்கிறது. "இது எங்கள் உள்விவகாரம்" என்று சொல்லி இதிலிருந்து தப்ப முடியாது. அதற்காகக் கல்வீச்சையும் தடியடியையும் ஆயுத மோதல் என்று எழுதிவிடவும் கூடாது. முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான போர்க்குற்றத் தீர்ப்பாயம் 1995இல் தாடிச் வழக்கில் வகுத்த அளவுகோல்தான் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: ஒழுங்கமைந்த ஆயுதக் குழு இருக்க வேண்டும், வன்முறை நீடித்ததாக இருக்க வேண்டும்.

"இந்தப் பக்கம் 10 பேர், அந்தப் பக்கம் 1,000 பேர், விகிதாசாரமே இல்லை!"

தொலைக்காட்சி விவாதங்களில் அதிகம் அடிபடுவதும், அதிகம் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இந்த விகிதாசாரம்தான். இரு தரப்புப் பிணங்களை எண்ணி ஒப்பிடுகிற கணக்கு இதில் இல்லை. ஜெனீவா ஒப்பந்தங்களுக்கான 1977ஆம் ஆண்டின் முதல் கூடுதல் நெறிமுறை, 51ஆம் பிரிவு, ஒவ்வொரு தாக்குதலையும் தனியாக எடுத்துக்கொண்டு கேட்கச் சொல்வது இது: இந்தத் தாக்குதலால் நேரடியாக, திட்டவட்டமாகக் கிடைக்கும் என்று எதிர்பார்த்த ராணுவ அனுகூலம் என்ன? பொதுமக்களுக்கு நேரும் என்று எதிர்பார்க்கத்தக்க சேதம் என்ன? இரண்டாவது, முதலாவதை மிஞ்சுகிறதா? இதை, உத்தரவு போட்ட தளபதிக்கு அந்த நேரத்தில் தெரிந்திருந்ததையும், முயன்றிருந்தால் தெரிந்திருக்கக் கூடியதையும் வைத்து எடைபோட வேண்டும். பிறகு வந்த எண்ணிக்கை சாட்சியமாக உதவும். ஆனால் அதுவே தீர்ப்பாகிவிடாது.

ஒரு வழக்கைக் கிட்டத்தில் பார்த்தால் விளங்கும். போஸ்னியாவின் தலைநகர் சரயேவோ முற்றுகையில் இருந்த காலம், 1993 ஜூன் 1. தோப்ரின்யா என்கிற குடியிருப்புப் பகுதியில் ஒரு கால்பந்துப் போட்டி. மைதானம் என்று சொல்ல முடியாது, வண்டி நிறுத்துமிடத்தின் ஒரு மூலை. மூன்று பக்கமும் ஆறு மாடிக் கட்டடங்கள் மறைத்து நின்றன. சுமார் 200 பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள், நிறையக் குழந்தைகள். இரண்டு ஷெல்கள் வந்து விழுந்தன. பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், சுமார் 100 பேர் காயமடைந்தார்கள். நகரை முற்றுகையிட்ட போஸ்னிய செர்பியப் படையின் தளபதி ஸ்டானிஸ்லாவ் காலிச் வழக்கில் இது அதே யூகோஸ்லாவியத் தீர்ப்பாயத்தில் விசாரணைக்கு வந்தபோது, கூட்டத்தில் பணியில் இல்லாத சிப்பாய்களும் கணிசமாக இருந்தது தெரிந்தது. சரி, அப்படியென்றால் இலக்கு முறையானதுதானே? சிப்பாய்களைக் குறிவைத்தே சுட்டிருந்தாலும், அத்தனை குழந்தைகள் இருந்த 200 பேர் கூட்டத்தின் மீதான அந்தத் தாக்குதல், எதிர்பார்க்கத்தக்க ராணுவ அனுகூலத்தை அப்பட்டமாக மிஞ்சியது என்று 2003இல் தீர்ப்பாயம் சொல்லிவிட்டது. காலிச்சுக்குக் கிடைத்த 20 ஆண்டுச் சிறைத்தண்டனை 2006இல் மேல்முறையீட்டில் ஆயுள் தண்டனையானது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பொதுமக்கள் இறந்த ஒவ்வொரு தாக்குதலும் சட்டமீறல் ஆகிவிடாது. எனக்கும் இது பிடிக்கவில்லைதான், ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. இன்னொன்று: விகிதாசாரக் கேள்வி இரண்டாம் கட்டத்தில்தான் வரும். குறிவைத்ததே பொதுமக்களை என்றால் அது முதல் கட்டத்திலேயே குற்றம், எடைபோட அங்கே ஒன்றுமில்லை. மக்களைக் குறிவைத்த சம்பவத்தை "அளவுக்கு மீறிய தாக்குதல்" என்று எழுதும்போது, அளவோடு செய்திருந்தால் பரவாயில்லை என்று நாமே ஒப்புக்கொண்டது போல ஆகிறது.

"போராளிகளுக்குச் சோறு போட்டவர்கள் பொதுமக்களா?"

ஆமாம். ஆதரிப்பதும், உணவு கொடுப்பதும், வரி கட்டுவதும், ஊர்வலம் போவதும் ஒருவரை இலக்காக்காது. சண்டையில் நேரடியாகப் பங்கெடுக்கும் நேரத்தில், அந்த நேரம் வரைக்கும்தான் ஒரு குடிமகன் பாதுகாப்பை இழக்கிறார். ஆயுதக் குழுவில் தொடர்ந்து போரிடும் வேலையில் இருப்பவர் நிலை வேறு. சந்தேகம் வந்தால் பொதுமக்கள் என்றே கொள்ள வேண்டும். வெளியேறச் சொல்லி எச்சரித்த பிறகும் போகாமல் இருந்தவர்களை இலக்காகக் கருதலாம் என்று நினைப்பதும் இதே தவறின் இன்னொரு வடிவம். போக முடியாத கிழவியும் போக மனமில்லாத கடைக்காரரும் பொதுமக்களாகத்தான் இருக்கிறார்கள்.

மருத்துவமனையும் இப்படித்தான். உள்ளே எதிரிப் போராளி சிகிச்சை பெறுகிறார் என்பதால் அதன் பாதுகாப்பு போய்விடாது. காயம்பட்ட போராளிக்குச் சிகிச்சை தருவது அதன் வேலை. எதிரிக்குத் தீங்கு செய்யும் காரியத்துக்கு அந்த இடத்தைப் பயன்படுத்தினால்தான் பாதுகாப்பு கேள்விக்குள்ளாகும். அப்போதும் எச்சரிக்கை கொடுத்து, நியாயமான அவகாசம் கொடுத்து, அதற்கும் மசியாவிட்டால்தான்.

2015 அக்டோபர் 3 அன்று ஆப்கானிஸ்தானின் குண்டூஸ் நகரில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் மருத்துவமனையை அமெரிக்காவின் ஏசி-130 விமானம் தாக்கியதில் 42 பேர் இறந்தார்கள். மருத்துவமனை இருக்குமிடத்தின் ஆள்கூறுகளை அந்த அமைப்பு சில நாட்களுக்கு முன்தான் அமெரிக்கத் தரப்புக்குக் கொடுத்திருந்தது. விசாரித்த அமெரிக்க ராணுவம், கட்டடத்தை மாற்றி அடையாளம் கண்டுவிட்டார்கள், சிலர் போர்ச் சட்டத்தைக் கடைப்பிடிக்கத் தவறினார்கள், ஆனால் வேண்டுமென்றே செய்யாததால் போர்க்குற்றம் இல்லை என்றது. 16 பேர் மீது துறைரீதியான நடவடிக்கை எடுக்கப்பட்டது, அவ்வளவுதான். ராணுவம் தன்னைத்தானே விசாரித்தது எனக்கு ஏற்புடையதாக இல்லை. வேண்டுமென்றே என்பதில் அசட்டையும் அடங்கும் என்று வாதிடும் சட்ட அறிஞர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளலாம். எல்லாச் சட்டமீறலும் போர்க்குற்றம் இல்லை. போர்க்குற்றம் இல்லை என்று ஒரு செய்தித் தொடர்பாளர் சொன்னால், சட்டப்படி நடந்தது என்று அவர் சொன்னதாக அர்த்தமும் இல்லை.

"பாதுகாப்பு வலயத்துக்குள்தானே வரச் சொன்னார்கள்?"

வன்னியில் 2009 ஜனவரி, பிப்ரவரி, மே என்று மூன்று முறை இலங்கை அரசு தாக்குதலற்ற வலயங்களை அறிவித்தது. பெயரைப் பார்த்தால் ஒப்பந்தத்தில் உள்ள ஏற்பாடு போலத் தெரியும். நான்காம் ஜெனீவா ஒப்பந்தம் சொல்லும் நடுநிலை வலயம் இரு தரப்பும் எழுத்தில் ஒத்துக்கொண்டு அமைவது. ஒரு தரப்பு தானாக அறிவித்தது அந்த வகையில் சேராது. ஆனால் இதை வைத்து மக்களின் பாதுகாப்பு குறைந்துவிட்டதாக எண்ணக் கூடாது. வலயத்துக்கு உள்ளே இருந்தாலும் வெளியே இருந்தாலும் பொதுமக்கள் பொதுமக்களே. கோட்டுக்கு வெளியே நின்றவர்களைச் சுட அந்த அறிவிப்பு அனுமதி கொடுக்கவில்லை. உள்ளே வரச் சொல்லிவிட்டு அங்கேயே ஷெல் அடித்தால் அதற்குத் தனி வலயச் சட்டம் எதுவும் தேவையில்லை, அடிப்படை விதியே போதும். ஐ.நா. பொதுச்செயலாளர் நியமித்த, மர்சூகி தாருஸ்மான் தலைமையிலான குழு 2011இல், மூன்று வலயங்களின் மீதும் அரசுப் படை பெரிய அளவில் ஷெல் அடித்ததாக நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகள் இருப்பதாகச் சொன்னது.

அதே அறிக்கையில் பலர் கவனிக்காத ஒரு பகுதி உண்டு. விடுதலைப் புலிகள் மக்களை வெளியேற விடாமல் தடுத்ததும், தப்பி ஓடியவர்களைச் சுட்டதும் நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகள் என்று சொன்ன குழு, வெளியேற விடாததைச் சட்டப் பொருளில் மனிதக் கேடயம் என்று கொள்ளவில்லை. ராணுவ இலக்கைக் காப்பதற்காகவே மக்களை அதன் பக்கம் நகர்த்தினார்கள் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று கிடைக்கவில்லை என்பதுதான் காரணம். அதனால் யாரும் தப்பித்துவிடவில்லை. ஓடுகிறவரைச் சுடுவது பொதுவான 3ஆம் பிரிவின்படி கொலை. மனிதக் கேடயம் நிரூபணமான இடத்திலும் எதிர்த்தரப்பின் கடமை அப்படியே இருக்கிறது. கேடயமாக நிறுத்தப்பட்டவர் பொதுமக்களில் ஒருவர், அவரையும் சேர்த்துத்தான் விகிதாசாரத்தை எடைபோட வேண்டும்.

"இனப்படுகொலை என்று சொல்லாவிட்டால் குறைத்துச் சொன்னது போல"

குற்றங்களுக்குள் ஏணி வைத்து இனப்படுகொலையை மேல்படியில் உட்கார வைத்துவிட்டோம். 1948ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி ஒரு தேசிய, இன, நிற அல்லது மதக் குழுவை, அந்தக் குழு என்பதற்காகவே, முழுதாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கம் நிரூபணமாக வேண்டும். போர் நடக்க வேண்டும் என்பதில்லை. சமாதான காலத்திலும் நடக்கலாம். பொதுமக்கள் மீது பரவலாகவோ திட்டமிட்ட முறையிலோ நடக்கும் தாக்குதலின் பகுதியாகக் கொன்றால், சித்திரவதை செய்தால், காணாமலாக்கினால் அது மானிடத்துக்கு எதிரான குற்றம். அதற்கும் போர் தேவையில்லை. போர்க்குற்றத்துக்கு மட்டும்தான் ஆயுத மோதலோடு தொடர்பு கட்டாயம்.

கம்போடியாவைப் பாருங்கள். கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சியில் சுமார் 17 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். அதை விசாரிக்க ஐ.நா. ஆதரவோடு அமைந்த நீதிமன்றத்தின் 2018 தீர்ப்பில் இனப்படுகொலை என்று உறுதியானது வியட்நாமியருக்கும் சாம் முஸ்லிம்களுக்கும் நடந்தவை மட்டுமே. இறந்தவர்களில் பெரும்பான்மையான, நாட்டின் பெரும்பான்மை இனமான கெமர் மக்களுக்கு நேர்ந்தது மானிடத்துக்கு எதிரான குற்றம் என்ற பெயரில்தான் தீர்ப்பானது. தண்டனை இரண்டுக்கும் ஆயுள்தான்.

"ஜெனீவாவில் வழக்கு நடக்கிறது"

இது தமிழ்ச் செய்திகளுக்கே உரிய குழப்பம். நாம் அடிக்கடி பேசும் "ஜெனீவாத் தீர்மானம்" ஐ.நா. மனித உரிமைகள் பேரவையுடையது. அங்கே நாடுகள் வாக்களிக்கும். யாருக்கும் தண்டனை கொடுக்காது. ஜெனீவா ஒப்பந்தங்களுக்கும் அதற்கும் ஊர்ப் பெயர் மட்டும்தான் பொது. நீதிமன்றங்கள் ஹேக் நகரில் இருக்கின்றன. சர்வதேச நீதிமன்றம் நாடுகளுக்கு இடையிலான வழக்கை விசாரிக்கும். 2002 முதல் நடைமுறையில் உள்ள சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் தனிமனிதரை விசாரிக்கும். அதில் இந்தியாவும் இல்லை, இலங்கையும் இல்லை.

கடைசியாக, நம் தெருவிலேயே நடக்கிற ஒன்று. மருந்துக்கடைப் பலகை, டாக்டர் காரின் கண்ணாடி, தனியார் ஆம்புலன்ஸ் என்று வெள்ளைப் பின்னணியில் சிவப்புச் சிலுவையை எல்லாரும் ஒட்டிக்கொள்கிறார்கள். அது மருத்துவத்தின் பொதுச் சின்னம் கிடையாது. போர்க்களத்தில் "சுடாதே" என்று சொல்வதற்காக ராணுவ மருத்துவப் பிரிவுக்கும் செஞ்சிலுவை அமைப்புகளுக்கும் ஒதுக்கப்பட்ட அடையாளம். இந்தியாவின் 1960ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தங்கள் சட்டப்படி மத்திய அரசின் அனுமதி இல்லாமல் அதைப் பயன்படுத்தினால் 500 ரூபாய் வரை அபராதம் உண்டு. அபராதம் வசூலித்து நான் கேள்விப்பட்டதில்லை. மருந்துக்கடைக்குப் பச்சை நிறச் சிலுவை போதும், பல நாடுகளில் அதுதான் வழக்கம்; முதலுதவிக்குப் பச்சைப் பின்னணியில் வெள்ளைச் சிலுவை. ஸ்டிக்கர் கடையில் இரண்டும் ஒரே விலைக்குத்தான் அடித்துத் தருவார்கள்.