டிரெய்லர் இழுக்க மோட்டார்ஹோம்: பெட்ரோலா டீசலா என்று கேட்பதற்கு முன் செய்யும் தவறுகள்

மோட்டார்ஹோம் என்பது படுக்கை, சமையலறையோடு ஓடும் வீட்டு வண்டி. அமெரிக்காவில் 'கேஸ் மோட்டார்ஹோம்' என்று சொன்னால் அது பெட்ரோல் வண்டி. சமையல் சிலிண்டருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பின்னால் மூடிய சரக்கு டிரெய்லரை மாட்டி இழுக்கப்போகிறவர்கள் முதலில் கேட்பது 'கேஸா, டீசலா' என்றுதான். ஆனால் பெரும்பாலான தவறுகள் எரிபொருளில் தொடங்குவதில்லை, எடையில் தொடங்குகின்றன. இழுக்கப்போகும் டிரெய்லர் சரக்கோடு எவ்வளவு கனம் என்று தெரியாமல் எஞ்சினைத் தேர்ந்தெடுப்பது, அளவெடுக்காமல் சட்டை தைப்பது போலத்தான்.

ஹிட்ச்சில் எழுதியிருப்பதை இழுவைத் திறன் என்று நம்புவது

டிரெய்லரை மாட்ட வண்டியின் பின்பக்கம் இருக்கும் கொக்கியான ஹிட்ச்சில் 5,000 பவுண்டு, 10,000 பவுண்டு என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அது அந்த இரும்புத் துண்டு தாங்கும் எடை மட்டுமே. வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து எவ்வளவு இருக்கலாம் என்பதற்குத் தனி வரம்பு உண்டு: ஜி.சி.டபிள்யூ.ஆர். அதிலிருந்து சாமான், தண்ணீர், ஆட்கள் எல்லாம் ஏறிய வண்டியின் உண்மையான எடையைக் கழித்தால் மிஞ்சுவது ஒரு எண். ஹிட்ச்சின் எண் இன்னொன்று. இரண்டில் எது சிறியதோ அதுதான் உங்கள் டிரெய்லருக்கு.

பெட்ரோல் கிளாஸ் ஏ வண்டிகளில், அதாவது பஸ் வடிவப் பெரிய மோட்டார்ஹோம்களில், பெரும்பாலானவை ஃபோர்டு எஃப்-53 சேஸிஸ் (அடிச்சட்டம்) மேல் கட்டப்பட்டவை. அதில் 22,000 பவுண்டு தாங்கும் சேஸிஸுக்குக் கூட்டு எடை வரம்பு 26,000. குடும்பத்தோடு, 100 காலன் தண்ணீரோடு (தண்ணீர் மட்டுமே 830 பவுண்டு) வண்டி 21,600 பவுண்டு வந்துவிட்டால் மிஞ்சுவது 4,400. ஹிட்ச்சில் 5,000 என்று எழுதியிருந்தாலும் அந்த 600 பவுண்டு உங்களுடையதல்ல. 24,000 பவுண்டு சேஸிஸின் கூட்டு வரம்பு 30,000. அதில் நிலைமை கொஞ்சம் தேவலாம். விசித்திரம் என்னவென்றால், 26,000 பவுண்டு சேஸிஸுக்கும் கூட்டு வரம்பு அதே 30,000தான். 'பெரிய சேஸிஸ் வாங்கினேன், அதிகம் இழுக்கலாம்' என்று நினைப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். பெரிய சேஸிஸ் கொடுப்பது உள்ளே சாமான் ஏற்றும் இடம். பின்னால் இழுக்கும் இடம் அல்ல.

டீசல் என்றால் இந்தக் கணக்கு வேண்டாம் என்பதும் தவறு. ஆரம்ப விலை டீசல் புஷர்களில், அதாவது எஞ்சின் பின்னால் இருக்கும் வண்டிகளில், 10,000 பவுண்டு ஹிட்ச் மாட்டியிருப்பார்கள். கூட்டு எடை வரம்பு அதற்கு இடம் கொடுக்காமல் இருக்கும். வரம்பு 33,000, ஏற்றிய வண்டி 26,500 என்றால் மிஞ்சுவது 6,500. வாங்குமுன் ஓட்டுநர் இருக்கைப் பக்கச் சுவரில் இருக்கும் எடை லேபிளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். விற்பனையாளர் வாயால் சொல்லும் எண்ணைக் குறித்துக்கொள்ளத் தேவையில்லை.

டிரெய்லரையும் பின்னால் கட்டி இழுக்கும் காரையும் ஒன்றாக நினைப்பது

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. நான்கு சக்கரமும் தரையில் ஓட, இரும்புத் தண்டால் மாட்டி இழுக்கும் கார் ஹிட்ச்சின் மேல் கிட்டத்தட்ட எடையே போடாது. சரக்கு டிரெய்லர் அப்படியல்ல. அது ஆடாமல் நேராக வர, மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் மேல் அழுந்த வேண்டும். இதற்கு டங் வெயிட் என்று பெயர். 5,000 பவுண்டு ஹிட்ச்சுகளில் டங் வெயிட் வரம்பு பெரும்பாலும் 500.

7 அடி அகலம், 14 அடி நீளத்தில் இரட்டை அச்சு டிரெய்லர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். காலியாக ஏறக்குறைய 2,200 பவுண்டு. உள்ளே 850 பவுண்டு டூரிங் பைக் இரண்டு, 600 பவுண்டுக்குக் கருவிகள். மொத்தம் 4,500. ஹிட்ச்சுக்குள் அடங்கியது என்று தோன்றும். 12 சதவீதம் போட்டுப் பார்த்தால் டங் வெயிட் 540. வரம்பைத் தாண்டியாயிற்று. அதைக் குறைக்க பைக்குகளைப் பின்னால் தள்ளி வைத்தால் டிரெய்லர் நெடுஞ்சாலையில் வாலாட்டத் தொடங்கும். இந்தக் குறுக்கு வழியை மட்டும் எடுக்கவே எடுக்காதீர்கள்.

மோட்டார்ஹோமுக்கு இன்னொரு சிக்கல். பின் அச்சுக்கு அப்பால் வண்டி நீளமாக நீட்டிக்கொண்டிருக்கும். அச்சுகளுக்கு இடையே 228 அங்குலம், பின் அச்சிலிருந்து ஹிட்ச் வரை 150 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், 600 பவுண்டு டங் வெயிட் முன் அச்சிலிருந்து சுமார் 395 பவுண்டைத் தூக்கிவிடும். பின் அச்சில் கிட்டத்தட்ட 1,000 பவுண்டு கூடும். ஏத்தம் இறைக்கும் மரம் மாதிரிதான். முன் சக்கரம் லேசானால் காற்றடிக்கும்போது ஸ்டீயரிங் பிடிமானம் குறையும். எடையைப் பங்கிட்டு அனுப்பும் ஹிட்ச் மாட்டினால் சரியாகும், ஆனால் எல்லா மோட்டார்ஹோம் ஹிட்ச்சும் அதற்கு அனுமதிக்கப்பட்டதல்ல. ஸ்டிக்கரில் அந்த வகைக்குத் தனி எண் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஹிட்ச்சை நீட்டிக்கும் குழாய் மாட்டினால் தாங்குதிறன் குறையும் என்பதும் பலருக்கு மறந்துவிடுகிறது.

டார்க்கைப் பார்த்து மலையேற்ற வேகத்தைக் கணிப்பது

'டீசல்ல 800 டார்க், பெட்ரோல்ல 468தான்' என்பது கேட்டுக் கேட்டுப் புளித்த வாதம். டார்க் என்பது எஞ்சின் சுழற்றும் விசை. எண்கள் சரிதான். 2020 வாக்கில் பழைய 6.8 லிட்டர் வி10 எஞ்சினுக்குப் பதிலாக ஃபோர்டு கொண்டுவந்த 7.3 லிட்டர் வி8 எஞ்சின் இந்தச் சேஸிஸில் 468 பவுண்டு-அடி தருகிறது. கம்மின்ஸ் நிறுவனத்தின் பி6.7 டீசல் எஞ்சின் மோட்டார்ஹோம்களில் ஏறக்குறைய 660 முதல் 800 வரை வருகிறது. ஆனால் டார்க்கைக் கியர் பெருக்கிக்கொடுத்துவிடும். மேட்டில் எந்த வேகத்தில் போவீர்கள் என்பதை முடிவு செய்வது குதிரைத்திறனும் மொத்த எடையும்தான்.

6 சதவீதச் சரிவில் 28,000 பவுண்டை 45 மைல் வேகத்தில் ஏற்ற, ஏற்றத்துக்கு மட்டும் சுமார் 200 குதிரைத்திறன் வேண்டும்; காற்றுத் தடை, டயர் உராய்வு தனி. 335 குதிரைத்திறன் பெட்ரோல் வண்டி 28,000 பவுண்டில் என்றால் ஆயிரம் பவுண்டுக்கு 12. டிரெய்லரோடு 34,000 பவுண்டு வரும் 340 குதிரைத்திறன் டீசலுக்கு 10. கடல்மட்டத்தை ஒட்டிய மேட்டில் விலை அதிகமான டீசல்தான் பின்தங்கும். சிறிய டீசல் வாங்கிவிட்டு 'ஏன் ஏறமாட்டேன் என்கிறது' என்று புலம்புவதன் காரணம் இதுதான். கனமான டிரெய்லருக்கு டீசல்தான் என்று முடிவெடுத்தால் கம்மின்ஸ் எல்9 வகையைப் பாருங்கள்: 380 முதல் 450 குதிரைத்திறன்.

உயரம் கூடும்போது கணக்கு மாறும். டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் ஏறக்குறைய 3 சதவீதம் வலுவை இழக்கும். கொலராடோவில் ஐ-70 சாலையின் ஐசன்ஹவர் சுரங்கப்பாதை 11,000 அடிக்கு மேல் இருக்கிறது. அங்கே 335 என்பது 220 பக்கம் வந்துவிடும். டர்போ டீசல் அவ்வளவாகச் சோராது. ஆண்டுக்கு நான்கு முறை ராக்கி மலையைக் கடப்பவருக்கு இது பெரிய விஷயம். டெக்சாஸ், ஃப்ளோரிடா பக்கம் சுற்றுபவருக்கு இதற்காகப் பணம் கொட்டுவது வீண்.

பெட்ரோல் எஞ்சின் மேட்டில் 4,000 ஆர்.பி.எம்.முக்கு மேல் கத்தினால் பயந்து காலை எடுத்துவிடுகிறவர்களும் உண்டு. அது அப்படி ஓடத்தான் செய்யப்பட்டது. டோ-ஹால் பொத்தானை (சுமை இழுக்கும்போது கியரை மாற்றும் முறையைச் சரிசெய்வது) அழுத்திவிட்டு கியர்பாக்ஸை அதன் போக்கில் விடுங்கள். முன்னால் எஞ்சின் இருப்பதால் சத்தம் காதிலேயே விழும், அவ்வளவுதான்.

ஏறுவதை மட்டும் யோசித்து இறங்குவதை மறப்பது

டீசலுக்குப் பணம் கொடுக்க நியாயமான காரணம் இறக்கத்தில்தான் இருக்கிறது. பி6.7இல் புகைவழியை அடைத்து எஞ்சினால் வண்டியைத் தடுக்கும் எக்ஸாஸ்ட் பிரேக், பெரிய எஞ்சின்களில் அதைவிட வலுவான எஞ்சின் கம்ப்ரஷன் பிரேக். அலிசன் கியர்பாக்ஸும் சேர்ந்து கியரைக் குறைக்க, நீண்ட சரிவில் காலைப் பெடலில் வைக்காமலே இறங்கலாம். பெட்ரோல் வண்டியில் டோ-ஹால் முறையும் கியரைக் குறைத்து எஞ்சினால் தடுக்கும், ஆனால் அவ்வளவு வலு இல்லை. சரிவு தொடங்கும் முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். பாதி இறங்கியபின் யோசித்தால் பிரேக் சூடேறிவிடும்.

டீசலில் மறைந்திருக்கும் ஒரு பொறி: பல வண்டிகளில் எக்ஸாஸ்ட் பிரேக் வேலை செய்யும்போது பின்பக்க பிரேக் விளக்கும் எரியும். டிரெய்லரின் மின் பிரேக்கை இயக்கும் கன்ட்ரோலர் நேரம் பார்த்து இயங்கும் மலிவான வகையாக இருந்தால், விளக்கு எரிவதையே பிரேக் மிதித்ததாக எடுத்துக்கொண்டு, இறக்கம் முழுக்க டிரெய்லர் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வரும். கீழே வந்து தொட்டுப் பார்த்தால் டிரம் சுடும். வேகம் குறைவதை உணர்ந்து இயங்கும் வகையை வாங்கி, வண்டி எவ்வளவு தடுக்கிறதோ அந்த அளவுக்கே டிரெய்லரும் தடுக்கும்படி அமையுங்கள். பின்னால் ஏழு முனை சாக்கெட் இருப்பதால் கன்ட்ரோலரும் இருக்கும் என்று எண்ண வேண்டாம். பல வண்டிகளில் சாக்கெட் மட்டுமே இருக்கும். பல மாநிலங்களில் 3,000 பவுண்டுக்கு மேல் டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம்; கலிஃபோர்னியாவில் அந்த வரம்பு 1,500.

எரிபொருள் மிச்சத்தை மிகையாகக் கணிப்பது

டிரெய்லரோடு பெட்ரோல் காலனுக்கு 7 மைலும் டீசல் 8.5 மைலும் தருவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 10,000 மைல் ஓடினால் மிச்சம் சுமார் 250 காலன். டீசல் காலன் விலை பெட்ரோலைவிட அதிகமாக இருக்கும் காலங்களில் அதிலும் பெரும்பகுதி கரையும். 2010க்குப் பிந்தைய டீசல்களுக்கு புகையைச் சுத்தப்படுத்தும் டி.இ.எஃப். திரவம் ஊற்ற வேண்டும், புகை வடிகட்டியைப் பராமரிக்க வேண்டும், ஆயில் மாற்றத்துக்கும் அதிக அளவு ஆயில் பிடிக்கும். வாங்கும் விலையில் இருக்கும் வித்தியாசத்தை மைலேஜால் ஈடுகட்டுவது நடக்காத காரியம்.

டீசலின் உண்மையான வசதி நிரப்பும் இடத்தில் இருக்கிறது. லாரிகள் நிற்கும் நிலையங்களில் நேராக உள்ளே போய் நேராக வெளியே வரலாம். பெட்ரோல் வண்டி டிரெய்லரோடு கார்கள் நிற்கும் கூரைக்குள் நுழைய வேண்டும்; ஓரத்துப் பம்ப்பாகத் தேர்ந்தெடுக்காவிட்டால் வளைந்து வெளியேறத் திண்டாட்டம். டீசல்காரர்களும் லாரிப் பம்ப்பின் பெரிய முனை தங்கள் டேங்க் வாயில் நுழைகிறதா என்று முதல் முறையே பார்த்துவிட வேண்டும்.

எடை போடாமலும் நீளத்தைக் கூட்டாமலும் கிளம்புவது

கேட் ஸ்கேல் எடைமேடை பெரும்பாலான லாரி நிலையங்களில் இருக்கும். தண்ணீர், எரிபொருள், ஆட்கள், சரக்கு எல்லாம் ஏற்றி, முன் அச்சு ஒரு தட்டில், பின் அச்சு அடுத்ததில், டிரெய்லர் அச்சுகள் மூன்றாவதில் வருமாறு நிறுத்தி ஒரு சீட்டு வாங்குங்கள். டிரெய்லரைக் கழற்றி வைத்துவிட்டு இன்னொரு சீட்டு. மாட்டியிருந்தபோது முன், பின் அச்சுகளின் கூட்டுத்தொகையிலிருந்து கழற்றியபின் வந்த கூட்டுத்தொகையைக் கழித்தால் கிடைப்பதுதான் டங் வெயிட் (எடையைப் பங்கிடும் ஹிட்ச் என்றால் அதன் கம்பிகளைத் தளர்த்தியபின் எடுத்த சீட்டில்). முன் அச்சில் எவ்வளவு குறைந்தது என்பதும் அதே சீட்டுகளில் தெரியும். காற்று சஸ்பென்ஷன் உள்ள டீசலில் இந்தச் சீட்டைத்தான் நம்ப வேண்டும். வால்வு தானாகவே உயரத்தைச் சரிசெய்துவிடுவதால் பின்பக்கம் இறங்கியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

40 அடி வண்டி, 24 அடி டிரெய்லர், அதன் முன்கம்பி 4 அடி: மொத்தம் 68. கலிஃபோர்னியாவில் வரம்பு 65 அடி. அங்கே டிரெய்லரின் வரம்பு எடை 10,000 பவுண்டுக்கு மேல் போனால் ஓட்டுநர் உரிம வகுப்பும் மாறும். பெரிய டீசலோடு பெரிய டிரெய்லரும் வாங்குபவர்கள் மாநில விதியைப் பார்க்க வேண்டியது பணம் கட்டுவதற்கு முன்பு.

கடைசியாக, முகாமில் நடக்கும் தவறு. டிரெய்லர் மாட்டியபடியே வண்டியைச் சமப்படுத்தும் ஜாக்குகளை இறக்குவது, சஸ்பென்ஷன் பைகளிலிருந்து காற்றை வெளியேற்றுவது இரண்டும் வேண்டாம். எடையைப் பங்கிடும் கம்பிகள் இழுவிசையில் இருக்கும்போது பின்பக்கம் சில அங்குலம் ஏறினாலோ இறங்கினாலோ அந்த விசை முழுக்க ஹிட்ச்சின் வெல்டிங்கில்தான் விழும். ஒரு இரவுக்குத்தானே என்று டிரெய்லரைக் கழற்றச் சோம்பல்பட்டால், முதலில் டிரெய்லரின் முன் ஜாக்கை இறக்கி, கம்பிகளைத் தளர்த்திவிட்டு அப்புறம் படுக்கப் போங்கள். வண்டியைச் சமப்படுத்தியே ஆக வேண்டுமென்றால் டிரெய்லரைக் கழற்றிவிடுங்கள்.