கிறிஸ்துமஸ் மரத்தில் அந்துருண்டை நெடியா?

பரணிலிருந்து இறக்கிய பிளாஸ்டிக் மரத்தில் அந்துருண்டை நெடி தூக்கலாக இருந்தால் சென்ட் அடித்து மறைக்கப் பார்க்காதீர்கள். இரண்டும் கலந்து தலைவலிதான் மிஞ்சும். அந்துருண்டை தானாக ஆவியாகிற பொருள். கிளைகளை நன்றாக விரித்து, காற்றோட்டமான நிழலில் இரண்டு மூன்று நாள் வையுங்கள், போதும். கடும் வெயில் வேண்டாம், பச்சை வெளுத்துவிடும்.

பூஞ்சை வாடை என்றால் சீரியல் பல்பைக் கழற்றிவிட்டு, துளி ஷாம்பு கலந்த தண்ணீரில் துணியை நனைத்து, ஒட்டப் பிழிந்து கிளை கிளையாகத் துடையுங்கள். உள்ளே இருப்பது இரும்புக் கம்பி; ஈரம் தங்கினால் துரு பிடிக்கும். ஜிகினா தோரணங்களை, சமையல் சோடா போட்ட கிண்ணத்தோடு ஒரு மூடிய டப்பாவில் ராத்திரி முழுக்க வைத்தால் வாடை குறையும்.

திரும்ப எடுத்து வைக்கும்போது அந்துருண்டையே போடாதீர்கள். பிளாஸ்டிக்கை அந்துப்பூச்சியா அரிக்கப் போகிறது?